ரயிலேறிப் போன நாலாம் வகுப்பு

தவசிக்கனி சார் வாயைத் திறந்தால் ஆசிரியர் அறையில் எங்கள் எல்லோருடைய சாப்பாடும் ஆறிப்போகும். அன்றைக்கு அவருக்கு அவசரமும் இருந்தது. பாட்டுப் புத்தகங்களை வைத்துப் பிள்ளைகளை எழுதத் தூண்டுவது எப்படி என்று கோவில்பட்டி ஆசிரியர் பயிற்சியில் மாதிரி வகுப்பு எடுக்க ஒருவர் போகவேண்டும். அவரா, எஸ்தர் டீச்சரா என்று தலைமையாசிரியை பகவதி டீச்சர் சாப்பிட்டு முடித்ததும் சொல்லிவிடுவார். மனுஷன் துடித்துக்கொண்டிருந்தார்.

“திங்கக்கிழமை என் நாலாம் வகுப்புல ஒரு மழைப் பாட்டு வாசிச்சேன் டீச்சர். ‘இப்ப நீங்க எழுதுங்கலே’ன்னேன். எழுதுனானுவ பாருங்க, நோட்டெல்லாம் சொதசொதன்னு நனைஞ்சு போச்சு! கொடிக்கம்பத்துல கயிறு கட்டிக் காயப்போட்டேன்.”

“எவனாவது தண்ணி பாட்டிலைச் சாய்ச்சிருப்பான் சார்” என்றார் எஸ்தர் டீச்சர், முருங்கைக்காயைச் சப்பிக்கொண்டே.

“அப்போ செவ்வாக்கிழமைக்கு என்ன சொல்லுதீய? வடைப் பாட்டு வாசிச்சேன். பிள்ளைங்க வடையைப் பத்தியே எழுதித் தள்ளிட்டு, மத்தியானம் ஒருத்தனும் தட்டைத் தூக்கல. வயிறு நெறஞ்சுட்டாம்! சத்துணவு அக்கா சண்டைக்கு வந்துட்டா. ஒருத்தன் உப்புப் போடாம எழுதிட்டான், அவன் மட்டும் அவகிட்ட போய் உப்புக் கேட்டான்.”

எனக்குப் புரையேறிவிட்டது. அதைக் கைதட்டலாக எடுத்துக்கொண்டு அவர் நாற்காலியை முன்னால் இழுத்தார்.

“புதன்கிழமை ரயில் பாட்டு. நம்ம மாடசாமி மவன் தண்டவாளத்தைப் பத்தி ரெண்டு வரிதான் எழுதுனான். மூணாவது வரிக்கு ரயிலே வாசல்ல வந்து நின்னுட்டு! வகுப்பு பூரா ஏறிட்டு. வருகைப் பதிவு போடணுமேன்னு நான் மட்டும் ஏறல. சாயங்காலம் தூத்துக்குடியில இருந்து எனக்கு முந்திரி மக்ரூன் வேற கொண்டாந்தானுவ.”

“எங்க, ஒண்ணு குடுங்க, திம்போம்” என்று கையை நீட்டினார் எஸ்தர் டீச்சர்.

“கையெழுத்து சரியில்லன்னு மாடசாமி மவன் எழுதுனதையெல்லாம் ரப்பர் வச்சு அழிச்சுட்டான் டீச்சர், மக்ரூனும் சேர்ந்து போச்சு. நல்ல மக்ரூன்.”

பகவதி டீச்சர் கை கழுவிவிட்டு வந்தார். “எல்லாம் சரி சார். எந்தப் புத்தகத்தைப் பாத்து வாசிச்சீங்க? நம்ம பள்ளிக்கு வந்த பாட்டுப் புத்தகம் பூராவும் என் பீரோவுலல்லா இருக்கு. பிள்ளைங்க கிழிச்சிருவாங்கன்னு கட்டுக்கூடப் பிரிக்கலயே.”

எஸ்தர் டீச்சர் சிரிப்பை அடக்கப் படாதபாடு பட்டார். எனக்கே சாரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. ஆனால் அவர் அசரவில்லை.

“அதைத்தான டீச்சர் நானும் சொல்லுதேன்! கட்டைப் பிரிக்காமலே இவ்வளவு நடந்திருக்கு. பிரிச்சா ஊரு தாங்குமா?”

பகவதி டீச்சர் பீரோவைத் திறந்து, கட்டைத் தூக்கி அவர் மடியில் வைத்தார்.

“மாதிரி வகுப்புக்கு நீங்களே போங்க சார். கட்டை இப்படியே கொண்டுபோய் இப்படியே கொண்டுவாங்க. பிரிச்சிராதீங்க, கணக்குத் தணிக்கையில கேப்பாங்க.”