கீழாநெல்லி இலைக்கடியில் காய்ப்பது ஏன்?

அந்தக் காலத்தில் செடிகொடிகளுக்கும் விலங்குகளுக்கும் பேச்சு இருந்தது. கீழாநெல்லி அப்போது இலைக்கு மேலே வரிசையாகக் காய்களைச் சுமந்துகொண்டு வயலெங்கும் முளைத்துக் கிடந்தது. காமாலை கண்டவர்கள் அதை வேரோடு அரைத்து மோரில் கலக்கிக் குடித்தார்கள், பிழைத்தார்கள். யாரிடமும் உத்தரவு கேட்கவில்லை.

அதுதான் பண்ணையாருக்குப் பொறுக்கவில்லை. மருந்து தன் வேலிக்குள் இருந்தால் நோயாளி தன் வாசலுக்கு வருவான், காலத்துக்கும் கூலியில்லாமல் உழைப்பான் என்று கணக்குப் போட்டார். அவருடைய காரியக்காரர் குதிரையேறி வரப்பு வரப்பாகச் சுற்றினார். காய் கண்ணில் பட்ட இடத்திலெல்லாம் செடியைப் பிடுங்கவைத்துப் பண்ணைக்கு அனுப்பினார்.

களையெடுக்கும் காத்தாயியின் புருஷன் மொக்கையனுக்குக் கண் மஞ்சளித்துவிட்டது. சோறு இறங்கவில்லை. காத்தாயி தேடாத இடமில்லை. கடைசியில், களையெடுத்துக்கொண்டிருந்த வயலின் வாய்க்காலோரம் ஒரே ஒரு செடியைக் கண்டாள். கை வைப்பதற்குள் குளம்புச் சத்தம் கேட்டது.

"காயை மறைச்சுக்க," என்றாள் செடியிடம்.

"எங்கே மறைக்க? எனக்கென்ன மடியா இருக்கு?"

"இலைக்கு அடியிலே தொங்கவிடு. அந்த ஆளு குதிரையை விட்டு இறங்கமாட்டான். இறங்கினாலும் குனியமாட்டான், தொந்தி மறிக்கும்."

செடி தன் காய்களையெல்லாம் கீழே திருப்பிக்கொண்டது. காரியக்காரர் வந்து நின்றார்.

"ஏ புள்ள, அது என்ன செடி?"

"களைங்க சாமி. நம்பலைன்னா உங்க குதிரையைக் கேளுங்க."

கூடக் களையெடுத்துக்கொண்டிருந்த பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். காரியக்காரருக்கு ரோஷம் வந்துவிட்டது.

"பார்த்துச் சொல்லுடா," என்று குதிரையை உதைத்தார்.

குதிரை கழுத்தைத் தாழ்த்தியது. இலைக்கடியில் காய்கள் வரிசையாக இருந்தன. காலையில் வாங்கிய சவுக்கடி அதன் விலாவில் இன்னும் எரிந்துகொண்டிருந்தது.

"வெறும் களைதானுங்க," என்றது குதிரை.

"அப்புறம் என்னடி வேடிக்கை? பிடுங்கி எறி!"

காத்தாயி பிடுங்கினாள். பிடுங்கின வேகத்தில் விதைகள் வரப்பெங்கும் சிதறின. செடியை மடியில் கட்டிக்கொண்டுபோய் அரைத்துக் கொடுத்தாள்.

"கசக்குதே," என்று முகம் சுளித்தான் மொக்கையன்.

"நம்ம பொழப்பைவிடவா? குடி."

குடித்தான். கண் மெல்ல வெளுத்தது. மறுபடி ஏர் பிடித்தான்.

அன்று முதல்தான் கீழாநெல்லி இலைக்கடியில் காய்க்கிறது. வயலில் குனிந்து வேலை செய்கிறவர்களுக்கு அது மருந்து; மேலே உட்கார்ந்து பார்க்கிறவனுக்கு இன்றைக்கும் வெறும் களை.