மைனா டீச்சர் தோற்றுப்போன விளையாட்டு

கொன்றைக்காட்டு ஏரிக்கரையில் ஒரு மைனா இங்கிலீஷ் வகுப்பு நடத்தி வந்தது. பெயர் செவ்வந்தி டீச்சர். தொத்தன் என்ற குரங்கு, வெள்ளைச்சி என்ற முயல், மருதாயி என்ற காட்டெருமை, இவர்கள்தான் மாணவர்கள்.

மற்ற இருவருக்கும் இங்கிலீஷ் பொழுதுபோக்கு. மருதாயிக்கு அப்படியில்லை.

பனிக்காலம் வந்தால் வடக்கேயிருந்து வாத்துக்கூட்டம் அந்த ஏரிக்கு வரும். அவர்களுக்கு இங்கிலீஷ் தவிர வேறு பேச்சு தெரியாது. போன வருஷம் அதில் ஒருவன் காலும் இறக்கையும் அடிபட்டு இங்கேயே தங்கிவிட்டான். கோடையில் ஏரி வற்றி எல்லாரும் மலையேறியபோது மருதாயி மட்டும் அவனுக்குத் துணையிருந்தாள். அந்த மாதங்களில் அவன் நம் பேச்சைக் கற்றுக்கொண்டான். உடம்பு தேறியதும் தண்ணீர் தேடிக் குன்றுக்கு அந்தப்பக்கம் பறந்தான்.

"எங்கக்கா வந்தா சொல்லிடு மருதாயி! நான் செத்துட்டேன்னு அழுதுட்டிருப்பா" என்று கெஞ்சிவிட்டுப் போனான்.

வகுப்பில் மருதாயி இதைச் சொன்னதும், "இவ்வளவுதானே? நான் இங்கிலீஷ்ல சொல்லிடறேன்!" என்றான் தொத்தன்.

"நீயா? அவன் நொண்டினான்னு சொன்னா, காலே போச்சுன்னு சொல்லுவ! அக்காகாரி மயங்கி விழுந்துடுவா. நானே சொல்லிக்கறேன், போ!"

நடந்து முடிந்ததைச் சொல்ல டீச்சர் ஒரு விளையாட்டு வைத்திருந்தார். வார்த்தையின் முடிவு மூன்று விதம். நொண்டினான் என்பதற்கு 'லிம்ப்ட்' என்றால் கடைசியில் தொண்டை சும்மா இருக்கும். தேறினான் என்பதற்கு 'ஹீல்டு' என்றால் தொண்டை அதிரும். 'வெயிட்டிட்' மாதிரி சிலவற்றுக்கு மட்டும் தனியாக ஒரு 'இட்' ஒட்டும். வட்டமாக நின்று சொல்ல வேண்டும். தப்பாகச் சொன்னவர் வெளியே போய்ப் புங்கமரத்தடியில் உட்கார வேண்டும்.

மருதாயி எல்லாவற்றுக்கும் 'இட்' ஒட்டினாள்.

"லிம்பிட்!"

"அவுட்!" என்று கத்தினான் தொத்தன்.

தினமும் இதே கதை. டீச்சருக்கு மண்டை குடைந்தது. 'ஏன் இவளுக்கு மட்டும் வரவில்லை? நாக்கு தடிமனோ?' மருதாயியின் வாய்க்குள் தலையை விட்டுப் பார்த்தார். மிளகுக்கொடியை மென்று பார்க்கச் சொன்னார். தும்மல்தான் வந்தது.

ஒருநாள் தொத்தன், "டீச்சர், இன்னைக்கு நீங்களும் ஆடுங்க!" என்றான்.

டீச்சர் வாயில் அப்போதுதான் ஒரு நாவல்பழத்தைப் போட்டிருந்தார். அவர் முறை வந்தது. "ஹீ... ழ்ழு" என்று ஏதோ வந்தது.

"அவுட்! அவுட்! டீச்சர் அவுட்!"

"அடேய், வாயில பழம்டா!"

"விளையாட்டுன்னா எல்லாருக்கும் ஒண்ணுதான்!"

டீச்சர் முணுமுணுத்துக்கொண்டே மருதாயி பக்கத்தில் போய் உட்கார்ந்தார். வட்டத்தில் குரங்கும் முயலும் மாறி மாறிச் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். நேரம் போனது. இன்னும் சொன்னார்கள். டீச்சருக்குக் கொட்டாவி வந்தது.

"மருதாயி, தினமும் இப்படியேவா உட்கார்ந்திருப்ப?"

"ஆமா டீச்சர். ஒரு வார்த்தை சொல்லுவேன், வந்துடுவேன். அப்புறம் அசைபோடறதுதான்."

டீச்சர் துள்ளி எழுந்தார். "அடக் கடவுளே! தெரிஞ்சவன் நாள் பூரா பேசறான். தெரியாதவளை நானே வாயை மூட வெச்சிருக்கேன்!"

மறுநாள் விளையாட்டைத் தலைகீழாக மாற்றினார். சரியாகச் சொன்னவர் மரத்தடிக்குப் போகலாம். தப்பாகச் சொன்னவர் ஆட்டத்தில் இருக்க வேண்டும்.

"இது என்ன அநியாயம்! சரியாச் சொன்னா வெளியேவா?" என்று குதித்தான் தொத்தன்.

"போடா, போய்ப் பழம் தின்னு!"

மருதாயி வட்டத்தில் தனியாக நின்றாள். டீச்சர் அவள் தொண்டையைக் கால்களால் பற்றிக்கொண்டு தொங்கினார்.

"ஹீலிட்."

"திரும்பச் சொல்லு."

"ஹீலிட்... ஹீல்... ஹீல்டு!"

"ஐயோ, என் காலெல்லாம் அதிருது! அதேதான் மருதாயி, அதேதான்!"

பனி விழத் தொடங்கும்வரை அவள் ஆட்டத்திலேயே இருந்தாள்.

வாத்துகள் வந்து இறங்கின. அக்கா வாத்து கரையெல்லாம் தம்பியைத் தேடினாள். மருதாயி அவள் முன்னால் போய் நின்றாள்.

"ஹீ லிம்ப்ட்" என்றாள். நொண்டினான் என்றதும் அக்காவின் கழுத்து தொங்கிவிட்டது.

"ஹீ ரெஸ்டிட்." ஓய்வெடுத்தான் என்று கேட்டும் அவள் நிமிரவில்லை.

"ஹீ ஹீல்டு!" தேறிவிட்டானா? அக்கா தலையைத் தூக்கினாள்.

மருதாயி கொம்பைக் குன்றின் பக்கம் திருப்பினாள். "ஹீ க்ராஸ்ட் தி ஹில்!"

குன்றைக் கடந்தான் என்று கேட்டதுதான் தாமதம், அக்கா வாத்து சடசடவென்று எழுந்து குன்றை நோக்கிப் பறந்துவிட்டாள்.

"பாரேன், ஒரு தேங்க்ஸ்கூடச் சொல்லல!" என்றான் தொத்தன்.

"நின்னு தேங்க்ஸ் சொல்லிட்டிருந்தாத்தான்டா எனக்குக் கோபம் வந்திருக்கும்" என்றாள் மருதாயி. அவள் கண்களில் தண்ணீர் முட்டியது.

தெரியாதவரை ஒதுக்கி உட்காரவைத்தால் அவர் தெரியாதவராகவே இருப்பார். அவருக்கே அதிக வாய்ப்பைக் கொடுப்பவர்தான் நல்ல ஆசிரியர்.