மரப்பாச்சிக்கு அளவெடுத்த கை

முன்னொரு காலத்தில் ஒரு ராஜா, பொம்மைக்குச் சட்டை தைத்து முடிக்கிறவரை அவை கலையக் கூடாது என்று பிடிவாதமாக உட்கார்ந்துவிட்டார்.

அவையில் யாரும் சிரிக்கவில்லை. மறுநாள் இளவரசி மரகதவல்லி புகுந்த வீடு போகிறாள். பெண்ணோடு ஒரு மரப்பாச்சி ஜோடியும் புதுத்துணி உடுத்திப் போக வேண்டும் என்பது அந்த அரண்மனை வழக்கம். பெண் பொம்மைக்குச் சேலை சுற்றியாகிவிட்டது. ஆண் பொம்மைக்கு மட்டும், ராஜாவின் தாயார், காலமான பெரியராணியார் எழுதி வைத்த முறைப்படிதான் அங்கி தைக்க வேண்டுமாம். ஓர் எழுத்துகூட மாறக் கூடாதாம்.

ஓலையில் இருந்தது இதுதான்:

"துணியை இரண்டாக மடி. உன் கையைக் கவிழ்த்து மேலே வை. நடு மூன்று விரலை மடிப்புக்கு வெளியே விட்டுவிடு. கட்டைவிரலையும் சுண்டுவிரலையும் விரித்துச் சுற்றி வெட்டு. மடிப்பின் நடுவே தலைக்கு வழி. விரல் முனையும் மணிக்கட்டும் திறந்திருக்க, மற்ற ஓரங்களைத் தை. பிறகு உள்ளே இருப்பதை வெளியே கொண்டு வா. ஊசி குத்தினால் அழாதே."

காலையிலிருந்து பண்டிதர்கள் இதற்கு உரை சொல்லிக்கொண்டிருந்தார்கள். உள்ளே இருப்பது ஆன்மாவா, பஞ்சா என்பதில் இரண்டு பேருக்குள் கைகலப்பே வந்துவிட்டது. அரண்மனைத் தையற்காரர் தம் கையை வைத்து வெட்டித் தைத்துப் பார்த்தார். யானைக்குட்டிக்கு உள்சட்டை போல வந்தது.

ராயசம் திருவேகம்பர் எழுந்தார். அரசாங்க ஓலைகள் எல்லாம் அவர் கையெழுத்து. அதில் அவருக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு.

"மகாராஜா மன்னிக்க வேண்டும். பெரியராணியார் அளவில் பிழை விட்டிருக்கிறார். அடியேன் திருத்தி எழுதித் தருகிறேன்."

ராஜாவின் முகம் சுருங்கியது. திருவேகம்பர் அதற்குள் பக்கவாட்டில் திரும்பிவிட்டார்.

"இல்லையென்றால் நம் விகடகவி தைக்கட்டுமே. எதற்கும் பதில் வைத்திருப்பவர் ஆயிற்றே. முடியாவிட்டால், 'அம்மையார் எழுதியது தவறு' என்று இதே அவையில் அவர் வாயால் சொல்லிவிட்டு ஊரைவிட்டுப் போகட்டும்."

"அப்படியே ஆகட்டும்," என்றார் ராஜா, களைத்துப்போய்.

விகடகவி கொன்றையப்பன் ஓலையை வாங்கினான். ஒருமுறை படித்தான். கடைசி வரியில் அவன் கண் நின்றது.

அழாதே.

எந்தத் தையற்காரனிடம் அழாதே என்று சொல்வார்கள்? இது குழந்தைக்கு எழுதியது. பெரியராணியாருக்கு ஒரே ஒரு குழந்தை. மெல்ல நிமிர்ந்து சிம்மாசனத்தைப் பார்த்தான். மீசையை முறுக்கிக்கொண்டு, எதிரிக்கோட்டைகளை மண்ணாக்கிய அந்த மனிதர், பொம்மையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கொன்றையப்பன் மனசுக்குள் கணக்குப் போட்டான். ராஜா பொம்மைக்குச் சட்டை தைத்து விளையாடியவர் என்று சபையில் போட்டு உடைத்தால் தலை போகும். உடைக்காவிட்டால் ஊர் போகும்.

தொண்டையைக் கனைத்துக்கொண்டான்.

"மகாராஜா, ஓலை 'உன் கை' என்கிறது. ஓலை தங்களுடையது. ஆகவே கையும் தங்களுடையதாக இருக்க வேண்டும்."

ராஜா மறுபேச்சில்லாமல் இறங்கி வந்து துணிமேல் கையைக் கவிழ்த்தார். தையற்காரர் சுற்றி வெட்டி, ஓரம் தைத்து, பொம்மைக்கு மாட்டினார். அங்கிக்குள் பொம்மையைக் காணோம்.

"முடிந்தது," என்றார் திருவேகம்பர். "மூட்டை கட்டலாமே, ஓய்?"

"பொறும், ராயசமே. எழுத்தில் தவறில்லை. கைதான் வளர்ந்துவிட்டது." கொன்றையப்பன் ராஜா பக்கம் திரும்பினான். "இந்தக் கையின் பழைய அளவு வேண்டும். சின்னதாக இருந்தபோது எங்கேயாவது சேட்டை பண்ணித் தடம் விட்டிருக்கும். சாதுவான கை என்று எனக்குத் தோன்றவில்லை."

ராஜா தம் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தார்.

"கால் ஒடிந்து பொம்மை அறையில் படுத்துக் கிடந்தேன். சுவருக்குச் சுண்ணாம்பு பூசிக்கொண்டிருந்தார்கள். ஈரம் காய்வதற்குள் கையை வைத்து அழுத்திவிட்டேன். கொத்தனார் அழிக்க வந்தார். அம்மா விடவில்லை." குரல் இறங்கியது. "வெளியே போக முடியவில்லை என்று ஒரே அழுகை. அப்போதுதான் இந்த அங்கி தைக்கச் சொல்லிக்கொடுத்தாள். மறந்துவிடுவேன் என்று எழுதியும் வைத்தாள். நான் வாளைப் பிடித்தபிறகு வெட்கப்பட்டுக்கொண்டு யாரிடமும் சொல்லவில்லை."

எல்லோரும் பொம்மை அறைக்குப் போனார்கள். அலமாரியை நகர்த்தினால், முழங்கால் உயரத்துக்குச் சற்று மேலே, விரல்களை விரித்தபடி ஒரு குட்டிக் கை. ராஜா தம் கையை அதன்மேல் வைத்தார். தடம் முழுக்க மறைந்துபோனது. எடுக்க மனமில்லாமல் அப்படியே நின்றார்.

கொன்றையப்பன் துணியை அதில் ஒற்றிக் கரியால் அளவெடுத்து, மடித்து வெட்டினான். "ஊசியை இங்கே கொடு," என்று ராஜா தரையில் சம்மணம் போட்டுத் தாமே தைத்தார்.

தைத்து நிமிர்ந்ததும் திருவேகம்பர் குனிந்து பார்த்தார். "அளவு சரிதான். ஆனால் தையலும் பிசிறும் வெளியே தெரிகிறதே. இதையாவது திருத்தி எழுத..."

ராஜா அவர் மூக்குக்கு நேரே அங்கிக்குள் விரலை விட்டு, உள்ளே இருந்ததை வெளியே புரட்டினார். பிசிறு எல்லாம் உள்ளே ஒளிந்துகொண்டது. கட்டைவிரல் ஒரு சட்டைக்கை, சுண்டுவிரல் இன்னொன்று. பொம்மைக்கு மாட்டினால் கச்சிதம்.

"என் அம்மா எழுதியதில் எதைத் திருத்தப் போகிறீர்?" என்று கேட்டார் ராஜா.

திருவேகம்பர் அங்கவஸ்திரத்தைச் சரிசெய்துகொண்டார்.

"கொன்றையப்பா, என்ன வேண்டும், கேள்," என்றார் ராஜா.

"ஒரு சட்டி ஈரச் சுண்ணாம்பு, மகாராஜா."

"சுண்ணாம்பா? எதற்கு?"

கொன்றையப்பன் வாசற்படியைக் காட்டினான். அப்பாவை இப்படித் தரையில் பார்த்தறியாத மரகதவல்லி, கல்யாண வளையல்களோடு அங்கே நின்றுகொண்டிருந்தாள்.

"நாளைக்குப் பெண் போய்விடுகிறாள். இந்தச் சுவரில் இன்னும் இடம் இருக்கிறது."

ராஜா சிரித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் சிரித்தார். கழுத்திலிருந்த முத்துமாலையைக் கழற்றிக் கொன்றையப்பனுக்குப் போட்டுவிட்டு, சுண்ணாம்பு குழைக்கத் தாமே எழுந்து போனார்.