வாய் நிறைய மாவும் ‘கமென்ஸ்’ என்ற சொல்லும்

முன்னொரு காலத்தில், வெள்ளைக்காரர்கள் கப்பலேறி வந்து அரண்மனை வாசல்களில் காத்துக்கிடந்த காலத்தில், பூபதிராயன் என்றொரு ராஜா இருந்தான். அவனைக் காண வந்த துரை ஒருவன் ஓர் இங்கிலீஷ் சொல்லைக் கற்றுக்கொடுத்துவிட்டான். ஒரு காரியத்தைத் தொடங்கும்போது சாதாரண ஆட்கள் ‘பிகின்’ என்பார்களாம். பெரிய மனிதர்கள் பெரிய சபையில் ‘கமென்ஸ்’ என்பார்களாம். அவ்வளவுதான், ராஜாவுக்குத் தலைகால் புரியவில்லை.

“இனி நாம் கமென்ஸ் என்று சொல்லாமல் இந்த அரண்மனையில் எந்தக் காரியமும் தொடங்கக் கூடாது!” என்று உத்தரவு போட்டான்.

விகடகவி கொண்டலாண்டியின் மேல் வெகுநாளாகக் கறுவிக்கொண்டிருந்த தளவாய் மழவராயனுக்கு வாயெல்லாம் பல். கொண்டலாண்டியின் மனைவி செங்கமலம்தான் அரண்மனைச் சமையல்காரி. மறுநாள் ராஜா எழுந்திருக்கும் முன்பே அவள் அடுப்பு மூட்டியதை ஓடிப்போய்ப் போட்டுக்கொடுத்தான். அந்தி சாய்வதற்குள் அவள் நாட்டை விட்டே போக வேண்டும் என்று தீர்ப்பாயிற்று.

“உத்தரவு தெரிஞ்சும் ஏன்டி மூட்டினே?” என்றான் கொண்டலாண்டி.

“நல்லா கேட்டீங்க! ராசா எந்திரிச்சுச் சொல்ற வரைக்கும் காத்திருந்தா, காலைப் பலகாரம் எப்போ ஆகுறது?” என்றவளுக்குக் கண் கலங்கிவிட்டது. அவன் ஒரு தட்டு நிறையப் பொரிமாவை எடுத்துக்கொண்டு, அவளையும் அழைத்துக்கொண்டு சபைக்குப் போனான்.

“மகாராஜா, விடைபெற வந்திருக்கிறாள். இவள் கைப்பக்குவத்தைக் கடைசியாக ஒரு முறை சுவைத்தருள வேண்டும்.”

“கமென்ஸ்!” என்று முழங்கிவிட்டு, ராஜா ஒரு பிடி மாவை அள்ளி வாயில் கொட்டிக்கொண்டான். வறட்டு மாவு தொண்டையை அடைத்தது. புரையேறிக் கண் பிதுங்க, தண்ணீர்ச் செம்பைக் கையால் காட்டினான்.

கொண்டலாண்டி செம்பை ஏந்திக்கொண்டு பணிவாக நின்றான். “கொடுக்கக் காத்திருக்கிறேன் மகாராஜா. அந்தச் சொல் மட்டும் தங்கள் திருவாயிலிருந்து வரட்டும்.”

வாய் நிறைய மாவு. சொல் எங்கே வரும்? பதறி முன்னே வந்த தளவாயை, “உத்தரவு ஆயிற்றா, தளவாயே?” என்று கொண்டலாண்டி கேட்டான். தளவாய் நின்ற இடத்திலேயே நின்றுவிட்டான்.

“அட பாவிகளா! மனுசனுக்கு மூச்சு முட்டுது, என்னய்யா பெரிய சொல்லு!” செங்கமலம் செம்பைப் பிடுங்கி ராஜாவின் வாயில் ஊற்றினாள்.

ராஜாவுக்கு மூச்சு திரும்பியது. கூடவே கோபமும் வந்தது. “நம் உயிர் போகும்போது வேடிக்கையா பார்த்தாய்?”

“உத்தரவை மீறியதற்காக என் மனைவி நாட்டை விட்டுப் போகிறாள் மகாராஜா. மீறும் துணிச்சல் எனக்கு ஏது? இவள்தான் திருந்தாத ஜன்மம். இப்போதும் மீறிவிட்டாள்.”

ராஜா மீசையிலிருந்த மாவைத் துடைத்தபடி அவளைப் பார்த்தான். பிறகு கடகடவென்று சிரித்தான். “நீ எங்கும் போக வேண்டாம் அம்மா. உன் அடுப்புக்கு எந்தச் சொல்லும் வேண்டாம்” என்று கை வளையைக் கழற்றி அவளுக்குக் கொடுத்தான், முத்துமாலையைக் கொண்டலாண்டியின் கழுத்தில் போட்டான்.

சபையில் மற்றவர்களெல்லாம் உதட்டைக் கடித்துக்கொண்டு முகம் சிவக்க நின்றார்கள்.

“ஏனய்யா, உங்களுக்குச் சிரிப்பு வரவில்லையா?”

“வருகிறது மகாராஜா,” என்றான் தளவாய் பரிதாபமாக. “தாங்கள் இன்னும் கமென்ஸ் சொல்லவில்லையே!”