ஆட்சேபம் உள்ளவர்கள் எழுதவும்

பார்வையற்றவர்களுக்குக் கம்ப்யூட்டர் திரையை வாசித்துச் சொல்லும் இலவச மென்பொருள் ஒன்று உண்டு. சம்பளம் வாங்காமல் நாலைந்து பேர் அதை எழுதிப் பராமரிக்கிறார்கள். நன்றி எப்போதாவது வரும், திட்டு தவறாமல் வரும்.

அவர்களுக்குத் தலைமை பாளையங்கோட்டை ஜெபக்கனி. பிறவியிலேயே பார்வை இல்லாதவர். அவரிடம் இந்த வேலையைக் கற்றுக்கொண்ட அய்யாத்துரை, பார்வை உள்ளவர், பணி ஓய்வு பெற்றவர். வயதில் மூத்தவராக இருந்தும் 'டீச்சர்' என்றுதான் கூப்பிடுவார்.

மென்பொருளில் குரல் இரண்டு. பழைய குரல் தகரத்தைச் சுரண்டுவதுபோல் கரகரக்கும். அதை எழுதியவர் இறந்துபோக, பழுது பார்க்கும் பாரம் அய்யாத்துரை தலையில் விழுந்தது. ஓர் இடத்தில் அடைத்தால் இன்னோர் இடத்தில் ஒழுகும். மனிதர் நொந்துபோயிருந்தார். புதுக் குரல் கேட்கக் கேட்க இனிமை. ஆனால் அதற்கு வலுவான கம்ப்யூட்டர் வேண்டும், பழசில் வாயே திறக்காது.

போன மாதம் டீச்சரின் சம்மதத்தோடு அறிவிப்பு போட்டார். பழைய குரலைச் சோதனையாக நிறுத்துகிறோம், ஆட்சேபம் உள்ளவர்கள் எழுதவும். அடுத்த நாளே எல்லார் கம்ப்யூட்டரிலும் அது தானாக நின்றது.

இன்று காலையிலிருந்தே மழை. டீச்சர் வீட்டு முன்னறையில், தனக்கென்று போட்டிருந்த கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்துகொண்டு அய்யாத்துரை கேட்டார்.

"அடியோட எடுத்திரலாமா டீச்சர்? ஒரு புகார்கூட வரல."

"விளாத்திகுளம் சவரிமுத்து?"

சவரிமுத்துவும் பார்வையற்றவர். ஆசிரியர் தேர்வுக்குத் தனியாகப் படிப்பவர். குரல் ஒரு எழுத்தை மென்று விழுங்கிவிட்டாலும் சண்டைக்கு வந்துவிடுவார்.

"அவரே எழுதல. குறை ஒண்ணும் இல்லன்னுதானே அர்த்தம்?"

"அவருக்குப் பரீட்சை என்னைக்கு?"

"போன வாரமே முடிஞ்சிருக்கும்."

"அவருகிட்ட என்ன கம்ப்யூட்டர் இருக்கு, அண்ணாச்சி?"

"அது ஓட்டை டீச்சர், ரொம்பப் பழசு..."

டீச்சரின் முகம் கறுத்தது. "எனக்கும் தோணல. நானும் சரின்னுதான் சொன்னேன்" என்றார்.

அய்யாத்துரைக்கு இப்போதுதான் உறைத்தது. பயத்தில் கோபம் வந்தது.

"சத்தம் நின்னுருந்தா ஒரு வரி எழுதியிருக்கலாமே டீச்சர்! எழுதுங்கன்னு தெளிவாத்தானே போட்டோம்?"

டீச்சர் எழுந்து, சுவரைத் தடவிப் போய், திரைக்கு வரும் கரண்ட் வயரைப் பிடுங்கினார். பிறகு ஸ்பீக்கரையும் பிடுங்கினார்.

"ஐயோ, என்ன டீச்சர் இது?"

"கம்ப்யூட்டர் ஓடிட்டுதான் இருக்கு. கீபோர்டு கையில இருக்குல்லா? எனக்கு ஒரு புகார் எழுதி அனுப்புங்க."

அய்யாத்துரை விரல்களை வைத்தார். எந்தப் பக்கம் திறந்திருக்கிறது என்று தெரியவில்லை. குத்துமதிப்பாக ஏதோ தட்டினார். எழுத்து விழுந்ததா, இருந்ததும் அழிந்ததா, அதுவும் தெரியவில்லை. கறுத்த திரையில் அவர் முகம்தான் இருந்தது. கீபோர்டிலிருந்து கையை எடுத்துவிட்டார்.

"முடியலையே, டீச்சர்."

"எழுதுங்க அண்ணாச்சி. அவரு ஒரு மாசமா எழுதுதாரு."