கண்ணாடிக் கதவைப் பிடித்தவர்

அந்தப் பெரிய கம்பெனியின் ஏழாவது மாடியில் வியாழக்கிழமை தோறும் மாலை ஐந்தரைக்கு மூச்சுப் பயிற்சி நடக்கும். ஊழியர்களின் கோபத்தைக் குறைக்கக் கம்பெனியே செய்த ஏற்பாடு. கோபப்பட வைப்பதும் அவர்கள்தான், அதைக் குறைக்க ஆள் வைப்பதும் அவர்கள்தான். பிள்ளையையும் கிள்ளிவிட்டுத் தொட்டிலையும் ஆட்டுகிற கதை.

சொல்லித் தருபவர் குமுதா. அங்கே வேலை பார்க்கும் தணிகாசலத்தைவிடப் பத்து வயது சின்னவர். ஆனாலும் தணிகாசலம் அவரை டீச்சர் என்றுதான் கூப்பிடுவார். மனசில் இருப்பதை அவரிடம் மட்டும்தான் கொட்டுவார்.

அன்று தணிகாசலம் வகுப்புக்கு முன்பே வந்துவிட்டார். முகம் சிவந்திருந்தது.

"டீச்சர், இன்னைக்கு எனக்கு மூச்சு வராது. புகைதான் வரும்."

"என்ன ஆச்சு சார்?"

"மேனேஜர் பதவி நிகிலுக்குப் போயிடுச்சு. அவன் வேலைக்குச் சேர்ந்தப்ப அனா ஆவன்னா சொல்லிக் குடுத்ததே நான்தான். போன தடவை தீபாவுக்கு. அந்தப் பொண்ணுக்கும் நான்தான்."

"உங்களுக்கு ஏன் தரலையாம்?"

"டைரக்டர்கிட்ட கேட்டேனே! 'நீங்க நகர்ந்தா டீமே நின்னுடும் தணிகா, நீங்கதான் எங்க தூண்'னு முதுகுல தட்டுறார். தூணுக்கு எவன் பதவி உயர்வு குடுப்பான் டீச்சர்?"

குமுதா சிரிக்கவில்லை. "வேற பிரிவுல ஒரு இடம் இருக்குன்னீங்களே?"

"இருக்கு. இன்னைக்கு ஆறு மணிக்குள்ள விண்ணப்பிக்கணும். 'நிகில் பழகுற வரைக்கும் இங்கேயே இருங்க'ன்னு டைரக்டர் சொன்னார். சரின்னுட்டேன்."

"ஏன்?"

"நான் போனா எல்லாம் படுத்துடுமே. பசங்க பாவம் இல்லையா? ஆனா வயிறு எரியுது டீச்சர். இந்தக் கோபத்தை எப்படி அடக்குறதுன்னு சொல்லுங்க."

குமுதா வாசலைப் பார்த்தார். "ஆளுங்க வர ஆரம்பிச்சுட்டாங்க. கதவைக் கொஞ்சம் பிடிச்சுக்கிறீங்களா?"

கண்ணாடிக் கதவு. ஐடி கார்டைக் காட்டினால் திறக்கும், விட்டால் தானே மூடிக்கொள்ளும். யாராவது ஒரு புண்ணியவான் பிடித்துக்கொண்டு நின்றால் மற்றவர்கள் கார்டைத் தொடக்கூட மாட்டார்கள். அது அந்தக் கம்பெனியின் எழுதப்படாத சட்டம்.

தணிகாசலம் பிடித்துக்கொண்டார். ஒவ்வொருவராக வந்தார்கள். சிலர் தேங்க்ஸ் சொன்னார்கள். சிலர் போனிலிருந்து தலையைத் தூக்கவே இல்லை. நிகிலும் வந்தான்.

"நீங்க இருந்தா கவலையே இல்ல சார்" என்று சொல்லிவிட்டு முதல் வரிசையில் போய் உட்கார்ந்தான்.

தணிகாசலத்துக்குக் காது மடல் சுட்டது. பல்லைக் கடித்துக்கொண்டார். கதவை விடவில்லை.

குமுதா வகுப்பைத் தொடங்கினார். எல்லோரும் கண்ணை மூடி மூச்சை இழுத்தார்கள். தாமதமாக வருகிறவர்கள் ஒருவர், இருவராக வந்துகொண்டே இருந்தார்கள். தணிகாசலத்தின் தோள் கடுத்தது. குமுதா அவர் பக்கம் திரும்பவே இல்லை.

கடைசியில் வெடித்துவிட்டார்.

"டீச்சர்! நான் ஒருத்தன் இங்க மரம் மாதிரி நிக்கிறது உங்க கண்ணுக்குத் தெரியலையா?"

வகுப்பே கண்ணைத் திறந்தது.

"நல்லாத் தெரியுது" என்றார் குமுதா. "நீங்க உள்ள வர வேண்டியதுதானே?"

"எப்படி வர்றது? கையை எடுத்தா மூடிக்குமே! அங்க பாருங்க, இன்னும் ரெண்டு பேர் வர்றாங்க."

"வர்றவங்க கழுத்துல என்ன சார் தொங்குது?"

தணிகாசலம் பார்த்தார். இருவர் கழுத்திலும் கார்டு தொங்கியது.

கையை எடுத்தார். கதவு மூடிக்கொண்டது.

கதவுக்கு வெளியே நின்ற இருவரும் ஒரு கணம் அவரைக் கண்ணாடி வழியாக முறைத்தார்கள். பிறகு ஒருவன் கார்டைக் காட்டினான். கதவு திறந்தது. உள்ளே வந்து உட்கார்ந்துகொண்டார்கள். ஒன்றும் குடிமுழுகிப் போகவில்லை.

தணிகாசலம் கடைசி வரிசைக்குப் போய்த் தன் பாயை எடுத்தார்.

"கோபம் இன்னும் போகலையே டீச்சர்."

"பாயை விரிக்காதீங்க சார்" என்றார் குமுதா. "ஆறு மணி வரைக்கும் அந்தக் கோபம் வேணும்."