பால் காய்ச்சக் கூடாத வீடு

முன்னொரு காலத்தில், வாடகை வீடு தேடியவர்களுக்கு இப்போதுபோலவே கால் வலித்த காலத்தில், ஒரு ராஜா இருந்தார். எந்த நாடு என்று கேட்காதீர்கள். நான் எழுத்துக் கூட்டப் பழகியதே நாற்பது வயதுக்கு மேல். நாட்டின் பெயர் ரொம்ப நீளமாக இருந்தது, விட்டுவிட்டேன்.

ராஜாவுக்கு ஒருநாள் ஓர் ஆசை வந்தது. "மக்கள் என்னைவிட வீட்டுக்காரருக்குத்தான் அதிகம் பயப்படுகிறார்களாம். நானும் வீட்டுக்காரன் ஆக வேண்டும்" என்றார். குளக்கரையில் சும்மா கிடந்த தன் வீடு ஒன்றை வாடகைக்கு விடச் சொன்னார்.

நிபந்தனைகளை எழுதியவர் மந்திரி தாமோதரராயர். சுவரில் ஆணி அடிக்கக் கூடாது. விருந்தாளி வரக் கூடாது. குழந்தைகள் அழக் கூடாது, பெரியவர்கள் குறட்டை விடக் கூடாது. அடுப்புப் புகை வெளியே தெரியக் கூடாது. ஆள் பிடிக்கும் தரகு வேலையை விகடகவி மாடப்பன் தலையில் கட்டினார். மாடப்பனைப் பார்த்து ராஜா சிரித்தாலே ராயருக்கு வயிறு எரியும். "பத்து நாளில் ஆள் வராவிட்டால் இவர் ஊரைவிட்டே போகட்டும், அரசே" என்றார். ராஜாவும் தலையாட்டிவிட்டார்.

மாடப்பன் தெருத்தெருவாக அலைந்தான். நெசவாளி ஒருவருக்கு வீடு பிடித்துப்போனது. நிபந்தனைகளைக் கேட்டதும், "எனக்கு மூணு பிள்ளைங்க சாமி. ஒண்ணு நிறுத்துனா இன்னொண்ணு ஆரம்பிக்கும்" என்று கும்பிட்டுவிட்டுப் போனார். ஒண்டிக்கட்டையான ஒரு பண்டாரம்கூட, "நான் குறட்டைக்காரன் தம்பி" என்று நழுவிவிட்டார்.

பத்தாம் நாள் மாடப்பன் சபைக்குத் தனியாக வந்தான்.

"குடித்தனக்காரர் எங்கே, தரகரே? மடியில் முடிந்து வைத்திருக்கிறீரா?" என்றார் ராயர்.

"நானே குடிபோகலாமா என்று பார்த்தேன், சுவாமி. என் குறட்டைக்குப் பயந்து மனைவி என்னை மாட்டுக்கொட்டகைக்கு மாற்றிவிட்டாள். இப்போது மாடு வேறு இடம் தேடுகிறது. அரசே, இந்த நிபந்தனைப்படி வாழ்கிற மனிதர் இன்னும் பிறக்கவில்லை."

ராஜா ராயர் பக்கம் திரும்பினார். "நிபந்தனை அதிகமோ?"

ராயர் முந்திக்கொண்டார். "இவர் சோம்பேறி, அரசே. என் வீட்டிலேயே நாங்கள் அப்படித்தான் வாழ்கிறோம்."

"ஆணி?" என்றான் மாடப்பன்.

"ஒன்றுகூட இல்லை."

"விருந்தாளி?"

"எங்கள் படியை மிதித்ததில்லை."

"பிள்ளைகள்?"

"அழத் தெரியாது."

"குறட்டை, புகை?"

"கிடையவே கிடையாது."

மாடப்பன் இடுப்பிலிருந்த குளக்கரை வீட்டுச் சாவியை எடுத்து ராயர் கையில் வைத்தான். "ஆள் கிடைத்துவிட்டார், அரசே. கெடு முடிய இன்னும் பொழுது இருக்கிறது."

சிரிப்பை அடக்கியதில் ராஜாவுக்கு மீசை துடித்தது. "நல்லது ராயரே, நாளைக்கே பால் காய்ச்சிக் குடிபுகும்."

"காய்ச்சக் கூடாது, அரசே. புகை வரும்" என்றான் மாடப்பன். "பச்சைப் பாலைக் கும்பிட்டுவிட்டு உள்ளே போகட்டும்."

ராயர் சாவியை வைத்துக்கொள்ளவும் முடியாமல், கீழே போடவும் முடியாமல் நின்றார். "அரசே, பொய் சொல்லிவிட்டேன். எனக்கு ஏழு பிள்ளைகள். போன ஆடிக்கு விருந்து வந்த மாமனார் இன்னும் கிளம்பவில்லை. குறட்டையில் அவர் என்னையும் மிஞ்சுவார்."

ராஜா கிரீடம் சரியச் சரியச் சிரித்தார். நிபந்தனை ஓலையைக் கிழித்துப் போட்டார். மாடப்பனுக்குப் பொன்காப்புப் போட்டு, அந்த நெசவாளியையே அழைத்துவரச் சொன்னார்.

மறுநாள் குளக்கரை வீட்டில் பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்தது. பிள்ளைகள் மூன்றும் முறை வைத்து அழுதன. தரகருக்கென்று ஒரு செம்பு பால் வந்தது. மாடப்பன் அதைக் குடித்துவிட்டு, சுவரில் சாய்ந்து அங்கேயே குறட்டை விட்டான்.